சட்டைப் பையில் இருந்த மெழுகு

6.6.2010, ஞாயிறு, கடலூர்

மாப்பிள்ளையைப் பார்க்க இன்று சிதம்பரம் போனோம். பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "முப்பது வயசுல பல்லுக்குக் கம்பியான்னு கேப்பாங்க. வாயத் தொறந்து சிரிச்சிடாதடி."

ஓட்டலில் என்னையும் மாப்பிள்ளையையும் தனி மேசையில் உட்காரவைத்தார்கள். அவர் உதட்டைத் திறக்காமல் "ம்" போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பிடிக்கவில்லை போல. அந்த நேரம் பார்த்துக் கம்பி முனை உள்கன்னத்தில் குத்தியது. கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"கம்பி குத்துதா?" சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். பல் டாக்டர் கொடுக்கும் மெழுகு! "உருட்டி அது மேல ஒட்டுங்க. எனக்கும் போன மாசம்தான் போட்டாங்க."

சிரித்தார். வாய் நிறையக் கம்பி. நானும் சிரித்தேன், அம்மா முறைக்க முறைக்க.

படுக்கும் நேரம் ஆகியும் இன்னும் பல் தேய்க்கவில்லை. தேய்த்தால் மெழுகு போய்விடும்.