பலகை வெடிக்காத வெள்ளிக்கிழமை

அண்ணாச்சி,

இன்று காலை மகன் வீட்டில் ஏ.சி.யைப் போட்டதும் புது அலமாரி ‘டக்’ என்றது. கையிலிருந்த காபியைச் சிந்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். “அலமாரிதானேப்பா” என்றான் மகன். அவனுக்கு என்ன தெரியும்! அந்த ஒரு சத்தத்துக்காக நாம் இரண்டு பேரும் பஹ்ரைனில் ஒரு கோடை முழுக்க நடுங்கியிருக்கிறோம்.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் எப்போதோ கப்பலில் பலகை கொண்டுவந்து கட்டிய தேவாலயம் அது. சுவர், கூரை, பீடம் எல்லாம் மரம். எழுபதுகளின் நடுவில் அதில் நாலு விண்டோ ஏ.சி. மாட்டியவன் நான், நெற்றியில் விபூதிப் பட்டை போட்ட காரைக்குடிக்காரன். சாவி உங்களிடம். ஆறு நாள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஆராதனை நடக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் ஆலயத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாட்டு நடுவில் பீடத்துக்கு மேலே ஒரு பலகை வெடித்தது. அடுத்த வெள்ளி இன்னொன்று. சபைக் கமிட்டி என் ஃபோர்மேனைப் பிடித்தது, அவர் என்னைப் பிடித்தார். “இன்னொரு பலகை வெடிச்சா கலாஸ். விசா கேன்சல்.” நான் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குதைபியாவில் தங்கியிருந்த ரூமில் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன்.

ஒரு பலகைத் துண்டில் இரண்டு தெர்மாமீட்டரைக் கட்டி, ஒன்றின் குமிழில் மட்டும் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தேன். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணிக்காரன் கீழே இறங்குவான், புழுக்கம் என்றால் இருவரும் ஒட்டி நிற்பார்கள். பார்த்ததும் சிரித்தீர்கள். “தெர்மாமீட்டருக்கே காய்ச்சலா வே? நெத்தியில துணி போட்டிருக்கீரு!”

சிரித்த நீங்கள்தான் அப்புறம் பித்துப் பிடித்து அலைந்தீர்கள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வியர்வையில் சட்டை பிழியப் பிழிய ஓடிவந்து, பூட்டைத் திறந்து, துணியை நனைத்து, இரண்டின் பாதரசமும் நிற்கும் உயரத்தைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் கோடு போடுவீர்கள். சனியிலிருந்து வியாழன் வரை இரண்டுக்கும் நடுவே அரை விரல்தான் இடைவெளி. வெள்ளிக்கிழமை மூன்று விரல்!

நான் துள்ளிக் குதித்தேன். “புரிஞ்சுபோச்சு அண்ணாச்சி! ஆறு நாளும் பூட்டுன கட்டடத்துல மரம் ஈரத்தைக் குடிச்சு ஊதிக் கெடக்கு. வெள்ளிக்கிழமை நாலு ஏ.சி.யும் ஒரேயடியா ஈரத்தை உறிஞ்ச, மேல்தோல் மட்டும் காஞ்சு சுருங்குது, உள்ள இருக்கிறது அசையல. வெடிக்காம என்ன பண்ணும்?”

கோட்டு போட்ட ஆண்களும் பட்டுச்சேலைப் பெண்களும் வியர்க்கக் கூடாதென்று, விடியும் முன்பே வந்து நாலு மெஷினையும் முழுசாக முறுக்கிவிட்டது நீங்கள்தானே. உங்கள் கையில் ஈரத்துணி இருந்தது. கதவை ஒரு தடவை துடைத்திருந்தால் போதும், பழி என்னோடு விமானம் ஏறியிருக்கும்.

நீங்களோ கமிட்டிக்காரர்களைக் கையோடு அழைத்துவந்து அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். “மெஷின் மேல குத்தமில்ல, இந்தப் பையன் மேலயும் இல்ல. குளிரட்டும்னு முறுக்கினது நான். சாவியை வேணும்னா வாங்கிக்கிடுங்க.” அந்தச் சாவி உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒரு மெஷினை மட்டும் இரவு பகலாக மெதுவாக ஓடவிட்டோம். வாரம் முழுக்கக் கோடுகள் ஒன்றரை விரலிலேயே நின்றன. வெள்ளிக்கிழமை வந்தது. சபை வியர்த்தது, கோட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஜெபத்திலும் நீங்கள் கண்ணை மூடவில்லை, நானும் மூடவில்லை. இருவரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆமென் முடிந்த மறுநொடி, அத்தனை பேர் நடுவிலும், ‘இல்லை’ என்பதற்கு நாம் அங்கே பழகிய அரபு வார்த்தையில் கத்தினீர்களே: “மாஃபி வே! சத்தம் மாஃபி!” பாதிரியாரே சிரித்துவிட்டார்.

சாவி உங்களிடமே இருந்தது. நான் அங்கே இன்னும் பதினோரு வருடம் இருந்தேன்.

இன்றும் எந்த மரக்கூரைக்குக் கீழே நின்றாலும் என் காது மேலேதான் இருக்கிறது. போன மாதம் உங்கள் ஊர் ஆலயத்திலும் அப்படித்தான். அதுவும் தேக்குக் கூரை. கூட்டம் அதிகம் என்று உங்கள் மகன் எல்லா ஏ.சி.யையும் போடச் சொன்னான். “ஒண்ணு போதும் தம்பி, மெதுவா” என்று தடுத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், வியர்த்தார்கள். ஜெபம் முடியும்வரை கூரை வாய் திறக்கவில்லை. சவப்பெட்டியை மூடும் முன் குனிந்து உங்கள் காதில் சொன்னேன்: “மாஃபி, அண்ணாச்சி.”