உபதேசியார் மகள் எழுதிய மனு

அக்டோபர் 6, திங்கள்

இதை யார் எடுத்தாலும் சரி, கையெடுத்துக் கும்பிடுகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா எடுத்தால் அம்மாவோடு இருக்கட்டும். செல்வி, நீ எடுத்தால் அடுப்பில் போட்டுவிடு. படிக்காதே.

நாள் முழுதும் புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை வரவில்லை. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கணக்கில் 61. சயின்ஸில் 88!

இது பழைய கிராஃப் நோட்டின் பின்பக்கம். கோயில் துணிகளும் மெழுகுவர்த்திப் பெட்டியும் வைக்கிற சின்ன அறையை இந்த வருஷம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு என்பதால். கதவைச் சாத்திக்கொள்ளலாம். படிக்கிறேன் என்று நினைத்து அம்மா தூங்கிவிட்டாள்.

பெயர் எழுதப் பயம். லி.டீ. = எங்கள் சயின்ஸ் டீச்சர் லில்லி. (எழுதிவிட்டேனே. சரி.) க. = கவுன்சிலர்.

சாயங்காலம் பெற்றோர் கூட்டம். அடுத்த ஜூனிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று மாற்றமாம்.
1. ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம்.
2. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள் பள்ளியோடு எங்களைச் சேர்ப்பது.
3. முதல் பீரியட் வேதபாடம் போய் கம்ப்யூட்டர்.

திட்டத்தைப் படித்தது லி.டீ. பாதி அவர் போட்ட திட்டம்தான். “மஸ்கட்டுக்குப் போற நம்ம பொண்ணுங்க அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கத்தாங்க போறாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சா நர்ஸா போவாங்க. எனக்கு அது போதுங்க” என்றார். வெளிநாட்டுப் பணம் வருகிற வீட்டுக்காரர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

அப்பா எழுந்தார். அப்பா இந்த சபைக்கு உபதேசியார். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிறவர், போதகர் ஊரில் இல்லாத ஞாயிறு பிரசங்கம் செய்கிறவர். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

“இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லலைங்க டீச்சர். பிள்ளை படிக்கிறப்ப பக்கத்துல உக்கார்ற அப்பனுக்கு அது புரியணும். நாத்து நட்டுட்டு வர்ற அம்மாவுக்குப் புரியணும். புரியலைன்னா பிள்ளை என்ன படிக்குதுன்னு யாரு பாக்குறது? அப்புறம் பசங்களோட சேக்குறது. பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் படிக்கிற இடம்னு ஒவ்வொரு வாசல்லயும் சைக்கிளை நிறுத்திச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். பாதிப் பேரு பிள்ளையை நிறுத்திடுவாங்க. நான் எந்த மூஞ்சியோட அந்தத் தெருவுக்குப் போறது?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்புச் செல்வி என் காதில்: “பசங்களோட உக்காரணும்னா எங்க மாமா என்னைக் களையெடுக்க அனுப்பிடும்டி. அதுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் வீட்டில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்.

அப்பா சொன்னது சரி என்று பட்டது. லி.டீ. சொன்னதும் சரி என்று பட்டது. இரண்டும் எப்படிப் படும்?

அக்டோபர் 8, புதன்

லேசாகத் தூறல். லி.டீ. வீட்டில் சாயங்கால வகுப்பு. ஃபிசிக்ஸ் வராத நாங்கள் ஒன்பது பேர். காசு கிடையாது, பாடம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை வேர்க்கடலை.

டீச்சர் என்னிடம் தனியாக: “உங்கப்பா பேசினது நல்லா இருந்துச்சு எஸ்தர். எதிர்த்துப் பேசுறவங்களோட நாலு வார்த்தை பேசலாம். சும்மா தலையாட்டுறவங்களை வச்சிக்கிட்டு என்ன பண்றது?” ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நானும் உளறினேன். “டீச்சர் பரீட்சைக்கு முன்னாடி குடுத்த கேள்வித்தாள்லேர்ந்து ரெண்டு கேள்வி அப்படியே வந்துச்சுப்பா. அதான் எண்பத்தெட்டு.” பரீட்சைக்குப் பழக்க, போன வருஷங்களின் கேள்வித்தாள்களைக் கட்டாக வைத்திருக்கிறார் டீச்சர். அதைத்தான் சொன்னேன். ‘பழைய’ என்று சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அக்டோபர் 11, சனி

க. வந்தார். எங்கள் வீட்டு முன்னால் கார் நிற்பது இதுதான் முதல் தடவை. ரைஸ்மில், பிராந்திக் கடை, கட்சிப் பதவி எல்லாம் உண்டு. வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

க.: “தாய்மொழிக் கல்விதான் நம்ம மூச்சு உபதேசியாரே. ஒரு செங்கல்லைக் கூட அசைக்க விடமாட்டேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா: “உங்க பாப்பா எங்க படிக்குதுங்க?”

“திருச்சியில. கான்வென்ட் ஹாஸ்டல். அவங்கம்மா ஒரே பிடிவாதம், என்ன பண்றது?”

அவர் போனதும் சண்டை. அம்மா: “ஏங்க, நம்ம சபையில பாதி ஆம்பளைங்க அந்த ஆளு கடையிலதான் கிடக்குறாங்க. குடிக்காதேன்னு நீங்க ஊரெல்லாம் ஜெபம் பண்றீங்க. அவரை நடுவீட்டுல உக்கார வச்சிருக்கீங்க.”

“ஆளு எப்படியோ இருக்கட்டும். சபையே கையெழுத்துப் போட்ட மனு எங்க கிடக்குதுன்னு தெரியல. அவரு போன் பண்ணினா அதிகாரி எந்திரிச்சு நிக்கிறாரு. கிணத்துல விழுந்த பிள்ளையைத் தூக்குறவன் குடிகாரனான்னா பாப்பே?”

“தூக்குறானா, தள்ளுறானான்னு பாப்பேன்.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூங்க முடியாது.

அப்பாவின் எழுத்து கோணல். அதனால் ஏழாவதிலிருந்து சபையின் மனுவெல்லாம் என் கையெழுத்து. ரேஷன் கார்டு, அடிபம்பு, விதவைப் பென்ஷன். அப்பா நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். எந்த மனுவானாலும் முதலில் அப்பா கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். அதற்குப் பிறகுதான் ‘ஐயா’ என்று ஆரம்பிப்பார்.

இன்று க. மறுபடி வந்தார். “பெத்தவங்க எழுதினா ஃபைல்ல போட்டுடுவானுங்க உபதேசியாரே. பிள்ளைங்க எழுதினாத்தான் விசாரணைக்கு வருவான். அந்த அம்மா ஒருத்திதான் இந்தத் திட்டத்தைத் தூக்கிட்டு அலையுது. அதை நிறுத்தினா எல்லாம் நின்னுடும்.” என் பக்கம் திரும்பி, “டீச்சர் கேள்வித்தாள் குடுத்தாங்களாமே பாப்பா?”

“குடுத்தாங்க. ஆனா அது பழைய...”

“குடுத்தாங்கல்ல. போதும்.”

அப்பாவைப் பார்த்தேன். அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதும்மா” என்றார். ஜெபம் பண்ணவில்லை.

க. சொல்லச் சொல்ல எழுதினேன். நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள், எங்கள் அறிவியல் ஆசிரியை தன் வீட்டு வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் காலாண்டு வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்தார். “கையெழுத்தைக் கொஞ்சம் மாத்திக்க பாப்பா” என்றார். இடது பக்கம் சாய்த்து எழுதினேன். நடுவில் அப்பா தடுத்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். “கொடுத்தார்னு வேண்டாம். கொடுத்து வருகிறார்னு போடு” என்றார்.

க. போன பிறகு, “அப்பா, அது பழைய கேள்வித்தாள்.”

“தெரியும்.”

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து: “ரெண்டு நாள் விசாரிப்பாங்க. திட்டம் தள்ளிப்போகும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா செல்வி மாதிரிப் பிள்ளைங்க நின்னுட்டா, திரும்ப யாரும்மா கூட்டிட்டு வர்றது?”

“எட்டாவது கட்டளைப்பா.” பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

“போய்ப் படு.”

அக்டோபர் 15, புதன்

சயின்ஸ் டெஸ்ட். வயிற்று வலி என்று சொல்லிச் சாயங்கால வகுப்புக்குப் போகவில்லை. லி.டீ. செல்வியிடம் ஓமத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். குடிக்க முடியவில்லை. கொட்டவும் முடியவில்லை. ஜன்னலில் இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

விசாரணை. ஜீப்பில் ஒரு கல்வி அதிகாரி.

ரெக்கார்டு நோட்டுகளை எச்.எம். ரூமில் வைக்கச் சொன்னார்கள் என்று நானும் செல்வியும் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே லி.டீ. நின்றுகொண்டிருந்தார். அதிகாரி உட்கார்ந்திருந்தார். வெளியே நில்லுங்க என்று பியூன் கை காட்டினார். கதவு பாதி திறந்திருந்தது.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். என் தாள்.

எழுத்தைச் சாய்த்தேன். மற்றதை மறந்துவிட்டேன். மார்ஜினை ஸ்கேலால் போடாமல் கட்டைவிரல் அகலத்துக்கு மடித்து நகத்தால் அழுத்துவது, எண்களைச் சுற்றி வட்டம் போடுவது, ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் ஒரு வரி விடுவது. இப்படி மடிப்பது வகுப்பில் நான் ஒருத்திதான். “ஏ எஸ்தர், ஸ்கேல் வாங்கித் தரவா?” என்று டீச்சரே கேலி பண்ணியிருக்கிறார்.

டீச்சர் படித்தார். பிறகு அந்த மடிப்பின் மேல் விரலை வைத்தார். மேலிருந்து கீழே வரை தடவினார்.

“யாரு எழுத்துன்னு தெரியுதா?”

“தெரியலைங்க சார்.”

“உங்க கிளாஸ் பிள்ளைதானே? நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன் சார். தெரியலை.”

செல்வி: “எவடி எழுதியிருப்பா? அவ கை விளங்குமா?” நான் ஆமாம் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்தது. எல்லோருக்கும் பெயர் சொல்லிக் கொடுத்த டீச்சர் என்னுடையதை மேஜையில் வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே போய் எடுத்தேன். சிவப்பு மையில்: ‘நன்று. படங்கள் தெளிவு.’ பத்துக்கு ஒன்பது. எப்போதும் போலத்தான். திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

டீச்சருக்கு மாற்றல். பேராவூரணிப் பக்கம் எங்கள் சபை நிர்வாகத்தின் ஆரம்பப் பள்ளியில், இரண்டாம் வகுப்புக்கு. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் பெயர் கெட்டுவிட்டது என்றார்களாம்.

செல்வி டெஸ்க்கில் தலை வைத்து அழுதாள். என்னைப் பார்த்து, “உனக்கு அழுகையே வரலையாடி?”

அதைவிட இன்னொன்று. திட்டம் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல்லும் மணலும் இறங்குகிறது. புதுக் கட்டடம். காண்டிராக்ட் க.வுக்கு. இங்கிலீஷ், பையன்கள், கம்ப்யூட்டர் எல்லாம் சொன்னபடி ஜூனில்.

அப்பா க.வின் மில்லுக்குப் போய்விட்டு நனைந்துகொண்டே வந்தார். அம்மா துண்டைக் கொடுத்தாள். “என்ன சொன்னாரு?”

“காலத்தோட நாமும் மாறணும் உபதேசியாரேன்னாரு. காபி குடுத்தாரு.”

“குடிச்சீங்களா?”

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அக்டோபர் 24, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன்: “போதகர்ட்ட சொல்லிடுங்கப்பா. டீச்சர் போகாம இருக்கலாம்.”

“சொன்னா உன் பேரு வெளிய வரும். பள்ளிக்கூடத்துல வச்சுக்க மாட்டாங்க. பரீட்சை எழுத முடியாது.”

“உங்க பேரும் வரும்.”

“வரும்.” இந்த வேலை போகும். இந்த வீடு சபையின் வீடு, இதுவும் போகும். அதை அப்பா வாயால் சொல்லவில்லை.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அழுகிறாரா என்று பார்க்கப் பயந்து உள்ளே வந்துவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்பா சொன்னது இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். செல்வியை ஜூனுக்குப் பிறகு அனுப்பமாட்டோம் என்று அவள் மாமா சொல்லியாயிற்று.

அக்டோபர் 25, சனி

விடாத மழை. கரண்ட் இல்லை. கோயில் மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் போதகர் வீட்டுக் கதவிடுக்கில் கடிதத்தைப் போட்டுவிட்டேன். டீச்சர் கொடுத்தது பழைய கேள்வித்தாள், டீச்சர் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்தப் புகாரை எழுதியது நான். கீழே என் முழுப் பெயர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முன்பு ஒரு டெஸ்டில் மார்க் குறைத்த கோபத்தில் நானாகவே எழுதினேன் என்றும் சேர்த்தேன். ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய். அப்பா இருக்கட்டும் என்று.

பள்ளிக்கூடம் இனி இல்லை. யோசித்து வைத்தது: (1) தையல். (2) தனியாகப் பரீட்சை கட்டலாமாம், செல்விக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி கட்டினாள். (3) தெரியவில்லை.

கூடத்தில் பேச்சுக் குரல். போதகர் வந்திருக்கிறார். டார்ச் வெளிச்சம் கதவுக்கு அடியில் வருகிறது.

“இது உங்க பிள்ளை எழுத்துதானே உபதேசியாரே?”

அப்பா தாளை வாங்குகிற சரசரப்பு.

“தானா எழுதினேன்னு போட்டிருக்கு. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அதிகாரி விலாசம் எப்படிங்க தெரியும்?”

மழைச் சத்தம். அம்மா, “ஏங்க” என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அப்பா. நானாகத்தான் எழுதினேன் என்று சொல்லிவிடுங்கள்.

“எழுதினது அவ ஐயா. சொல்லச் சொல்ல எழுதினா. எழுத வச்சது நான். டீச்சரைப் போக விடாதீங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நாளைக்கே கமிட்டிக்குப் போயிடும். இந்த வீடு...”

“தெரியும் ஐயா.”

அம்மா அழுகிறாள். நாற்காலி நகர்கிறது. யாரோ இந்தப் பக்கம் வருகிறார்கள். தட்டுகிறார்கள். என் கதவை. அப்பாவின் தட்டல்தான், இரண்டு தட்டிவிட்டு நிறுத்துவார். நான் எப்படி அவர் முகத்தை