பரீட்சைக்கு முன் வைத்த குலை

1933 பிப்ரவரி 6, திங்கள்

காற்று. முற்றம் நிறையச் சருகு. மேசை துடைக்கும்போது கண்டது: அண்ணனுடைய மனோதத்துவப் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்குமேல் தாள்கள் ஒட்டியே இருக்கின்றன. சீமைப் புத்தகம், மேல்விளிம்பைக் கத்தியால் அறுத்தால்தான் விரியும். அறுக்கவே இல்லை. அடுத்த மாதம் பரீட்சை. தினமும் அதைத்தான் விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் சொல்லி யார் கேட்க.

துவைக்க: அப்பா வேட்டி 2, அம்மா படுக்கை விரிப்பு, அண்ணன் சட்டை.

8, புதன்

வெயில். அண்ணனுடைய காலேஜ் சார் வந்தார். தக்கலையில் ஏதோ ஜோலியாம், அப்படியே இங்கும். பாடத்தில் உள்ள மனோதத்துவத்தைப் பையன்கள்மேலேயே செய்துபார்க்கிறவர் என்று அண்ணன் முன்பு சிரித்துச் சொல்வான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவிடம் இரண்டு காரியம் சொன்னார். தேறிவிடுவான் என்று வீட்டார் நம்பிக் காட்டினால் பையனுக்கு மனம் எழும்பும். படித்ததைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் உள்ளே நிற்கும்.

அப்பா முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இன்றும் இருமல்.

12, ஞாயிறு

கோவிலில் முதற்பலன் காணிக்கை. அப்பா தோட்டத்து முதல் வாழைக்குலை. போதகர் காணிக்கையோடு வைத்த சீட்டை வாசித்தார்: "மகன் ஜோசப் பரீட்சையில் தேறியதற்காக ஸ்தோத்திரம்." தேறியதற்காக. அப்பா அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

வெளியே பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "ஏலே ஜோசப்பு, பாஸாயிட்டியா? ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"எழுதுறது இனிமேத்தான் மைனி," என்றார் அப்பா. "தேறியாச்சுன்னே வச்சுக்கிடுங்க."

"அப்ப தோத்தா குலையத் திருப்பிக் கேப்பியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும். அவன் கை மட்டும் பாட்டுப் புத்தகத்தின் முனையைக் கிழித்துக்கொண்டே இருந்தது.

14, செவ்வாய்

அண்ணன் வேட்டி மடிப்பில் கடல் மணல். நாகர்கோவில் காலேஜுக்குப் போகிற வழியில் கடல் ஏது. நேற்றும் இன்றும் குளச்சல் கடற்கரைக்குத்தான் போயிருக்கிறான். கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது. அவனிடமே கேட்டேன்.

"அப்பாட்ட சொல்லிருவியா?"

"இல்ல."

"ரெண்டு வரி வாசிச்சா அந்தக் குலைதான் கண்ணு முன்னால நிக்குது மக்கா. தோத்துட்டு எந்த மொகத்தோட கோவிலுக்குள்ள போவேன்?" "கடலோரப் பாறையில நின்னா எல்லாம் லேசா இருக்கு," என்றான்.

உள்ளே போனேன். அம்மாவுக்குக் கஞ்சி.

15, புதன்

மேகமூட்டம். அண்ணன் காலையிலேயே செருப்பை மாட்டினான். புத்தகத்தை எடுக்கவில்லை. காலேஜுக்கா என்றேன். குனிந்து செருப்பின் வாரை இறுக்கினான்.

அடுக்களையிலிருந்து பிச்சாத்திக் கத்தியை எடுத்துவந்து, வாசலை மறித்து உட்கார்ந்து, புத்தகத் தாள்களை அறுக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாக.

"ஏட்டி, என்ன செய்யுத நீ? வழி விடு."

விடவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து அவன் காலடியில் வைத்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு," என்றேன்.