வனேடியம் இருந்த கால்

அக்கா,

இன்று காலை கம்பெனிக்குப் புது ராடுகள் வந்து இறங்கின. விமானத்துக்குப் பாகம் செய்கிற உலோகம், வந்ததும் அப்படியே மெஷினுக்கு அனுப்பிவிட முடியாது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைத்து அழுத்தினால், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் காட்டும். டைட்டானியம், அலுமினியம், வனேடியம். வனேடியம் நூற்றுக்கு நான்கு பங்கு. இத்தனை வருடமாகப் பார்த்துச் சலித்த எண்தான். இன்றைக்கு அதைப் பார்த்ததும் கருவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். "ஏன் சார், பேட்டரி போச்சா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது?

ஒக்கலிபுரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நீ விழுந்தாய். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்த என்னிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "உள்ள இரும்பு வெச்சிருக்காங்களாம்டா, துரு புடிக்காதா?" என்பதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலியில் படுத்திருக்கிறவளிடம் போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்து வகுப்பெடுத்தேன். இரும்பில்லை அக்கா, டைட்டானியம். அது தனியாக இருந்தால் இவ்வளவு பலம் வராது. கொஞ்சம் வனேடியம் சேர்த்தால்தான் எடையும் குறைவாக, உடையாமலும் நிற்கும். உன் தெரு மெக்கானிக் வைத்திருக்கும் நல்ல ஸ்பேனரிலும் அதுதான், வண்டி ஸ்பிரிங்கிலும் அதுதான். நிறையப் போட வேண்டாம், சிட்டிகை போதும்.

"உப்பு மாதிரின்னு சொல்லு" என்றாய். அன்றே அதற்கு வனஜா என்று பெயரும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஜோகுபாளையம் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வனஜாவைப் பற்றி ஒரு சேதி இருக்கும். "வனஜா காலைலேர்ந்து குடையறா, மழை வரும் பாரு" என்பாய். வனேடியத்தை அமிலத்தில் கரைத்துப் பெரிய தொட்டிகளில் மின்சாரம் சேமிக்கிறார்கள், அப்போது மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று நிறம் மாறும் என்று ஒருமுறை சொன்னேன். "நாலு கலரா? மெட்டலாடா அது, புடவைக் கடை" என்று சிரித்தாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த உலோகத்தின் தூளைச் சுவாசிக்கிற தொழிலாளிகளுக்கு நாக்கு பச்சையாகும் என்றும் சொல்லிவைத்தேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தாய். உனக்குள் இருப்பது தூள் இல்லை, கலந்து உருக்கிய கம்பி, அது ஒன்றும் செய்யாது என்றேன். தலையாட்டினாய், ஆனால் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டாய்: "எக்ஸ்ரே படம் எடுத்து வெச்சிருக்கேன்டா. சாப்ட்டுட்டு ஒரு தடவ பாத்து சொல்லேன். எனக்குக் கொஞ்சம் பயமாருக்கு."

"தினமும் இதத்தான்க்கா பாக்குறேன். லீவு நாள்லயும் இதேவா?" என்றேன்.

நீ ரசம் ஊற்றினாய். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வீடு வெள்ளையடித்தபோது படத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகச் சொன்னாய், நானும் சரி என்றேன். முன்பின் தெரியாத ஆளின் விமானம் பத்திரமாகப் பறக்க வேண்டும் என்று ஒரு மயிரிழைக் கீறலைக்கூட லென்ஸ் வைத்துத் தேடுகிறவன், உனக்காக ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட உனக்குக் கடைசிக் காரியம் எல்லாவற்றையும் செய்ய நான் ஒருத்தன்தான். உன் தகனம் முடிந்த மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனேன். அங்கே வேலை செய்கிற மூர்த்தி, தட்டில் சாம்பலைத் தள்ளித் தள்ளி எலும்புகளைச் சட்டியில் எடுத்து வைத்தார். நடுவில் நிறம் வெளுத்து, பொரிந்துபோன ஒரு கம்பியைக் குறட்டால் தூக்கிக் காட்டி, "சார், இது பேகா?" என்று கேட்டார். வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. டேக் இல்லாத பீஸ் மேசையில் கிடந்தால் யாரும் யோசிப்பதில்லை, சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம். எங்கிருந்து வந்தது என்று தெரியாததை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கம்பியைப் பார்த்தேன், டேக் இல்லை. என் வாய் தானாகச் சொன்னது: "ஸ்க்ராப். போட்டுடுங்க." அவர் மூலையில் இருந்த சாக்கில் போட்டார். சத்தம்கூடக் கேட்டது.

ஸ்ரீரங்கப்பட்டணம் போய் உன்னைக் காவேரியில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, மத்தூரில் காபி குடிக்க இறங்கினேன். டம்ளரை எடுத்தபோதுதான் உறைத்தது. வனஜாவை ஸ்க்ராப் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் உன்னை நிற்க வைத்தவளை, உன் சாம்பல் சூடு ஆறுவதற்குள். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கம்பி வேண்டும் என்றதும் மூர்த்தி சாக்கைத் தரையில் கவிழ்த்தார். கம்பிகள், தகடுகள், திருகாணிகள், இடுப்பு மூட்டுக்கு வைக்கிற உருண்டைகள். எத்தனை பேருடைய வலி அக்கா அது. உட்கார்ந்து தொடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியை வைத்து அழுத்தினேன். டைட்டானியம், அலுமினியம், வனேடியம். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. பொறித்திருந்த எண்கள் எல்லாம் நெருப்பில் பொரிந்து மறைந்திருந்தன. எந்த உலோகம் என்று கருவி சொல்லும், யாருடையது என்று சொல்லாது.

"எல்லாம் ஒண்ணுதான் சார், எதுனா ஒண்ண எடுத்துக்குங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவங்களோடத நான் எப்படிங்க எடுத்துட்டு போறது?" என்று கத்தினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் குந்தி, இரண்டு கம்பிகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டின் வளைவும் வேறு வேறு. இடது தொடைக்குத் தனி, வலது தொடைக்குத் தனி என்று செய்வார்கள், அது எனக்குத் தெரியும்.

"சரி சார், அக்காவுக்கு எந்தக் காலு?" என்று கேட்டார்.

இடதா, வலதா என்று உன் படுக்கையை நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு காலும் போர்வைக்குள் இருந்தன. அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது ஃபர்னிச்சர் கடை. கேட்கலாம் என்றால் உன்னைத் தவிர யாரும் இல்லை. வெறும் கையோடு வந்துவிட்டேன்.

அல்சூர் மெட்ரோவில் எஸ்கலேட்டருக்குப் பயந்து நாம் படியில்தான் இறங்குவோம். ஒவ்வொரு படிக்கும் என் வலது தோளைப் பிடித்து அழுத்துவாய். அந்தப் படியில் சுவர் வலது பக்கம்; காலுக்காக இல்லை, சுவரோரமாக இறங்கத்தான் நீ அந்தப் பக்கம் வருவாய் என்பதால், அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் படியிறங்கும்போது தோளில் அந்தக் கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ எவ்வளவு அழுத்துவாய், எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவாய், எல்லாம் தெரிகிறது. எந்தத் தோள் என்று தெரிகிறது அக்கா. எந்தக் கால் என்று தெரியவில்லை.