எனக்கு வந்த லேசர் சிகிச்சைக் கடிதத்தை எனக்கே மறைத்தது பற்றி

அனுப்புநர்:
கோ. சுப்ராயன் (வயது 46),
மீன் ஏலம் கூறுபவர்,
காரைக்கால்மேடு, காரைக்கால்.

பெறுநர்:
மருத்துவத் துறை உயர் அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: தொண்டைப் புற்றுநோய் – சென்னையிலிருந்து வந்த லேசர் சிகிச்சை அழைப்பு நோயாளியிடம் மறைக்கப்பட்டது – வேறு தேதி பெற்றுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு வருடமாக மீன் ஏலம் கூறிப் பிழைப்பவன் நான். சித்திரையிலிருந்து குரல் கம்மியது. கத்திக் கத்தித்தான் இப்படி ஆனது என்று இருந்துவிட்டேன். ஆனி மாதம் மருத்துவமனையில் தொண்டைச் சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, என் மனைவி அஞ்சுகத்திடம் பேசினார். சாதாரணப் புண்தான் என்று அவள் சொன்னாள், நம்பினேன். மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு எழுதியிருப்பதாக மட்டும் டாக்டர் என்னிடம் தெரிவித்தார்.

2. ஜூலை 13, 20, 27 ஆகிய மூன்று திங்கட்கிழமையும் மருத்துவமனை அலுவலகத்தில் வரிசையில் நின்று, சென்னைக் கடிதம் வந்ததா என்று கேட்டேன். "உங்க பேருக்கு ஒண்ணும் வரலீங்க, அடுத்த வாரம் வாங்க" என்றார் எழுத்தர். மரியாதையாகத்தான் சொன்னார்.

3. ஆகஸ்டு 3 அன்று எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கோப்பை என்னிடமே கொடுத்தார்கள். ஐந்தாவது வரை படித்தவன், பிரித்துப் படித்தேன். எனக்குப் புற்றுநோய் என்பதை அந்தத் தாழ்வாரத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். கழுத்தை அறுக்காமல், வாய் வழியே குழாய் விட்டு, லேசர் ஒளியால் கட்டியை மட்டும் சுட்டெடுக்கலாம், குரல் பெரும்பாலும் தங்கும் என்று சென்னை டாக்டர் என் பெயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதியிருந்தார். தாமதித்து மறுபக்கமும் பரவினால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்குமாம். எனக்குக் கொடுத்திருந்த நாள் ஜூலை 27. அன்று நான் இங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், ஐயா.

4. கடிதத்தின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'நோயாளிக்கு எதையும் தெரிவிக்க வேண்டாம். மனைவியிடம் மட்டும் சொல்லவும்.' கீழே அஞ்சுகத்தின் கைநாட்டு. நோயின் பெயரைக் கேட்டாலே நான் உடைந்துபோவேன் என்று பயந்து அவள்தான் அப்படி எழுதி வைக்கச் சொன்னாளாம். கடிதம் வந்தால் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவள் வீட்டில் காத்திருந்தாள். அவளுக்கு ஆள் அனுப்ப அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டு வந்து நின்ற எனக்கோ இல்லை என்றார்கள். அன்று வீட்டுக்குப் போய் அந்தச் சீட்டைப் பற்றி அவளிடம் கேட்டேன். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

5. கட்டி இன்னும் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, மாதக் கடைசிக்கு மேல் பொறுக்காது என்று 4ஆம் தேதி டாக்டர் சொன்னார். பேசக் கூடாது என்றும் உத்தரவு. அதனால்தான் நேரில் வந்து முறையிடாமல் எழுதுகிறேன்.

எழுத்தரைத் தண்டிக்க நான் கேட்கவில்லை. சென்னையில் இம்மாதத்துக்குள் வேறு தேதி வாங்கித் தாருங்கள். அந்தச் சீட்டைக் கோப்பிலிருந்து எடுக்க உத்தரவிடுங்கள். இனி எந்தச் செய்தியானாலும், எவ்வளவு கெட்டதானாலும், என் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டு வைத்தவளே பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதச் சொல்கிறாள். கீழே இருப்பதும் அதே பெருவிரல்தான்.

இடம்: காரைக்கால்மேடு
நாள்: 6.8.1987

தங்கள் பதிலுக்காகக் குரலைக் காத்து வைத்திருக்கும்,
கோ. சுப்ராயன்

சம்மதித்து: சு. அஞ்சுகம், இடது கைப் பெருவிரல் ரேகை