மூன்றாவது தடை

மாப்ள,

இன்று மான்மவுத் ஜங்ஷன் பள்ளி மைதானத்தில் கபடி மெத்தைகளை விரித்தார்கள். வெயிலில் சூடான ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது.

நம் அமெரிக்கத் தமிழர் லீக்கில், பாடி வருகிறவன் காலை உன்னைப் போல் மடக்கிப் பிடிக்கிறவன் இருந்ததில்லை. உன்னைப் போல் தடை வாங்கியவனும் இல்லை. முதல் வருடமே, அவுட்டாகி எழுந்தவனைத் தூக்கி அடித்துத் தோள்பட்டை எலும்பை உடைத்தாய். ஒரு சீசன் தடை. திரும்பி வந்ததும், குடும்பங்கள் எல்லாம் பார்த்திருக்க, நடுவரை அறைந்தாய். இரண்டு வருடம். "புத்தி வந்துருச்சு மாப்ள, இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று நாம் வேலை பார்த்த பார்சிப்பனி ஆபீஸில் என்னிடம் சொன்னாய். சொன்னபடியே இருந்தாய்.

இரண்டாம் தடை முடிந்து நீ ஆடிய அந்த அரையிறுதியில், பாடி வந்த ஒரு ரைடர் மேல் நாலைந்து பேர் விழுந்தோம். எழுந்தபோது அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். குத்தியது என் முழங்கை. தெரிந்தேதான் குத்தினேன்; அவன் என்னை மூன்று முறை அவுட்டாக்கிவிட்டுச் சிரித்திருந்தான். அந்தக் கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது.

கமிட்டி உன்னைத்தான் கூப்பிட்டது. "சத்தியமா நான் இல்லைங்க" என்றாய். யாரோ சிரித்தார்கள். என் பக்கத்தில் கிடந்தவன் நீ, எல்லாம் பார்த்திருந்தாய். ஆனாலும் என் பெயரைச் சொல்லவில்லை.

"கேப்டன், நீங்க பாத்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்.

"இவன் கைதாங்க" என்றேன்.

வாழ்நாள் தடை. பார்க்கிங்கில் உன் மகள் காரை விட்டு இறங்கவே இல்லை. "நாட் அகெய்ன், அப்பா" என்றாள். நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்: "நீயா மாப்ள இப்படிச் சொன்னே?"

அடுத்த வருடம் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தாய். ஆளனுப்பி உன்னை விரட்டச் சொன்னதும் நான்தான். அந்தக் குளிர்காலத்தில் கணையப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை. இறுதிச் சடங்கில் மட்டும் மைக்கைப் பிடித்து, "கோபக்காரன், ஆனா தங்கமான மனசு" என்றேன்.

இன்று உன் மகள் வந்திருந்தாள். காலேஜில் படிக்கிறாளாம்.

"அங்கிள், அப்பா ஹாஸ்பிட்டல்ல கடைசி வரைக்கும் 'நான் பண்ணல'ன்னு சொன்னாரு. வாஸ் ஹி லையிங்?"

சுற்றிலும் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"கோபக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். உன்னை அத்தனை வருடம் பொறுத்துக்கொண்டதற்காக என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். அதை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.