பருப்புக்கீரை தின்ற பட்டாம்பூச்சி

மண்ணூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் சுகப்பிரியா எழுதுவது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பதினோரு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அம்மா எடுத்தால் அழுதுவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

மகாராஜா அண்ணன் ஊரில் வந்து சொன்னது பொய் இல்லை. பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் அவர் பார்த்தபோது என் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. ஆனால் அதை யாரும் கட்டவில்லை அப்பா. குன்றத்தூர் மலையடிவாரக் கடையில் வாங்கி நானே போட்டுக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்லியிருப்பேன். இனி தண்ணீர் குடித்துவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

கம்பெனியில் எங்கள் லைன் சூப்பர்வைசர் ராஜாமணி என்று ஒருவர். நான் சேர்ந்த மாதத்திலிருந்தே போன் நம்பர் கேட்டார். கொடுக்கவில்லை என்றதும், தனியாக மூலையில் கிடக்கும் மேசைக்கு என்னை மாற்றினார். வேலையைப் பார்க்கிற மாதிரி தோளை ஒட்டி வந்து நிற்பார். உங்களிடம் சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவீர்கள் என்று தெரியும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதனால் மறைத்தேன். அது என் தப்புதான்.

கயிறு யோசனை தென்றலுடையது. என்னோடு அறையில் இருப்பவள். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, லைனில் என்னோடு வயர் கோக்கிறாள். எங்கள் அறைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் எழுப்பிய காலிமனை, முழுக்க எருக்கு. அங்கே ஆரஞ்சு நிறத்தில், இறக்கை ஓரம் கறுப்பாக, பட்டாம்பூச்சிகள் பறந்துகொண்டே இருக்கும். துளி அவசரம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது கரிச்சான் குருவி ஒன்று அதில் ஒரு பூச்சியைக் கொத்தியது. கொத்திய வேகத்திலேயே துப்பிவிட்டு, சுவரில் அலகைத் தேய்தேய் என்று தேய்த்தது. பூச்சி தடுமாறி எழுந்து போய்விட்டது.

புழுவாக இருக்கும்போது எருக்கிலையைத் தின்று, அந்தப் பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். ஒருமுறை கசந்த பறவை அந்த நிறத்தைப் பார்த்தாலே பிறகு ஒதுங்கிவிடுமாம். தென்றல் இன்னொன்றும் சொன்னாள். வேறொரு ஜாதிப் பட்டாம்பூச்சி உண்டு. அதில் பெண் மட்டும் அச்சு அசலாக இதே ஆரஞ்சில் இருக்கும், ஆனால் விஷம் கிடையாது. அதன் புழு தின்பது அம்மா கடைகிற பருப்புக்கீரையை. வெறும் நிறத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. நீயும் அப்படித்தான், நிறத்தையாவது போட்டுக்கொள் என்றாள்.

ஏழு வாரம் பலித்தது. ராஜாமணி என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்து எங்கள் லைனில் இன்னும் மூன்று பேர் கயிறு போட்டுக்கொண்டார்கள். தென்றலுக்கு அப்போதே கவலை. விஷமில்லாத பூச்சி பெருகிவிட்டால் பறவைக்குப் பயம் விட்டுப்போகும் என்றாள். அப்படியே ஆனது. போன வாரம் அவர் என் மேசைக்கு வந்து, "இன்னாம்மா, நாலு பேரும் ஒரே முகூர்த்தத்துல கட்டிக்கினீங்களா? உன் வூட்டுக்காரர் பேரு இன்னா, சொல்லு" என்றார்.

நான் ஒரு பேரும் யோசித்து வைக்கவில்லை அப்பா. பயத்தில் வாயில் வந்தது "வனமாமலை".

என் அடையாள அட்டையைத் திருப்பி, தகப்பனார் பெயரைச் சத்தமாகப் படித்தார். லைனே சிரித்தது. எனக்கும் இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. போகும்போது இடுப்பில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கயிற்றைக் கழற்றிவிட்டேன். மறுநாள் நாங்கள் நாலு பேரும் கம்பெனியின் புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்தோம். நடந்தது, நடந்த தேதி எல்லாம். முதல் கையெழுத்து என்னுடையது. பருப்புக்கீரை தின்று வளர்ந்தவள்தான், இருந்தாலும் இனி என்னைத் தொட்டால் கசக்கும்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ராஜாமணி குழுவிடம், "தாலின்னு பொய்க் கயிறு போட்டுக்கினு சுத்துற பொண்ணு சார். அவ பேச்ச அவங்க வூட்லயே நம்பமாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இது மட்டும் தாங்க முடியவில்லை. பதினோரு நாளாக அது உண்மையாகத்தானே இருக்கிறது?

வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்று எச்.ஆர். மேடம் சொன்னார். எங்கள் அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா மீனம்மாள், "உங்கப்பா வரலன்னா இன்னாம்மா, நான் வந்து நிக்கிறேன்" என்கிறார். நல்ல மனசு, ஆனால் அவர் வந்தால் அடிதடி ஆகிவிடும். எனக்கு நீங்கள்தான் வேண்டும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

அந்தக் கயிற்றை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள், அதில் தாலி இருந்த முடிச்சுகூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளை மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பேசிய அன்று, "நீ நல்லா இரு" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், அன்று மட்டும் சுட்டது. புதன்கிழமை வந்து, என் தலையில் கை வைத்து, அதையே இன்னொரு தடவை சொல்லுங்கள் அப்பா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வ. சுகப்பிரியா